ஆசிரியர் வேலையில் சட்டம் கேட்பதும் அறம் கேட்பதும்

இடைவேளையில் ஒரு மாணவி ஆசிரியரைத் தேடி வருகிறாள். "ஒரு விஷயம் சொல்லணும் மிஸ். ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்கிறாள். "சொல்ல மாட்டேன், பயப்படாமச் சொல்லும்மா" என்று பல ஆசிரியர்கள் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். இயல்பாக வருகிற பதில்தான். ஆனால் அடுத்து அவள் சொல்லப்போவது தனக்கு நடக்கும் பாலியல் கொடுமையைப் பற்றி என்றால், அந்த வாக்கைக் காப்பாற்றுவதே பல நாடுகளில் சட்டப்படி குற்றம். காப்பாற்றாமல் விட்டால், நம்பி வந்த பிள்ளையிடம் பொய் சொன்னதாகிவிடும்.

ஆசிரியருக்கு இருக்கும் இரண்டு வகைப் பொறுப்புகள் இந்த இடத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. ஒன்று சட்டப் பொறுப்பு. சட்டத்திலோ பணி விதிகளிலோ எழுதி வைத்திருப்பது. மீறினால் காவல்துறை, நீதிமன்றம், கல்வித்துறை என்று யாராவது கேள்வி கேட்பார்கள். மற்றது அறப் பொறுப்பு. 'ஓர் ஆசிரியர் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்' என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே ஏற்றுக்கொண்டது. அதை மீறினால் பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது, அந்த மாணவருக்கு மட்டும் தெரியும்.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், இந்த விதிகள் கெட்ட ஆசிரியர்களுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்பது. நல்ல மனசோடு, எல்லை எதுவென்று தெரியாமல் நடந்துகொள்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். ரகசியம் காப்பேன் என்று சொன்ன ஆசிரியரும் அப்படிப்பட்டவர்தான்.

பெற்றோர் இல்லாத நேரத்தில்

பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் கிளம்பியதும், அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் வேலையில் ஒரு பகுதி ஆசிரியரின் கைக்கு வருகிறது. இது பழைய கருத்து. இங்கிலாந்துச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765இல் எழுதும்போதே, தகப்பன் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார். அவர் பேசியது அதிகாரத்தைப் பற்றி, குறிப்பாகக் கண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றி. அதே கருத்தின் மறுபக்கமான கவனம் பிற்பாடுதான் பெரிதாக வளர்ந்தது.

1893இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் ஈடி என்ற வழக்கு வந்தது. பள்ளியில் மாணவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் பாஸ்பரஸ் வைக்கப்பட்டிருந்தது. ஒரு பையன் அதை எடுத்து விளையாட, அது வெடித்து வேறொரு பையனுக்குக் காயம். கவனமுள்ள ஒரு தந்தை தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல ஆசிரியரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் ஆசிரியரின் கவனக் கடமையைப் பற்றிய பேச்சு இன்றைக்கும் இந்த வழக்கைத் தொட்டுத்தான் போகும்.

'கவனமுள்ள' என்றுதான் அளவுகோல் வைத்தார்களே தவிர, 'எந்தத் தவறும் நேராத' என்று வைக்கவில்லை. ஓடி விளையாடும் பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதற்கெல்லாம் ஆசிரியர் பொறுப்பாக மாட்டார். ஆபத்து முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதா, அதைத் தவிர்க்க நியாயமான ஏற்பாடு இருந்ததா என்பதுதான் கேள்வி. பதில் இடத்துக்கு இடம் மாறும். பதினாறு வயது மாணவர் கையில் கத்தரிக்கோல் இருப்பது சாதாரணம். நான்கு வயதுப் பிள்ளை கையில் இருந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வேதியியல் ஆய்வகம், நீச்சல் குளம், சுற்றுலா போன்றவற்றில் எதிர்பார்ப்பு வகுப்பறையைவிடப் பல மடங்கு கூடும்.

அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1955இல் தீர்ப்புச் சொன்ன இன்னொரு வழக்கு உண்டு. ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற எல்லோரும் ஒருமுறையாவது கேட்க வேண்டிய கதை. வேல்ஸில் கார்மார்தன்ஷயர் பகுதியில் ஒரு மழலையர் பள்ளி. இரண்டு சின்னப் பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போக ஆசிரியை ஆயத்தம் செய்தார். கிளம்பும் முன் அவர்களை வகுப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். திரும்பும்போது வேறொரு பிள்ளை விழுந்து அடிபட்டு நிற்க, அந்தக் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். பத்து நிமிடம் போல ஆனது. அதற்குள் அந்த இருவரில் நான்கு வயதுகூட நிரம்பாத பையன் ஒருவன் வகுப்பை விட்டு இறங்கி, வாசலையும் தாண்டி, வண்டிகள் ஓடும் சாலைக்கு வந்துவிட்டான். அவன்மேல் மோதிவிடாமல் இருக்க லாரி ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். லாரி தந்திக் கம்பத்தில் மோதி ஓட்டுநர் இறந்துபோனார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்.

ஆசிரியை மேல் தவறில்லை என்றார்கள் நீதிபதிகள். அடிபட்ட பிள்ளையைப் பார்த்தபின் அவர் செய்ததைத்தான் பொறுப்புள்ள யாரும் செய்திருப்பார்கள். ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளை இவ்வளவு சுலபமாகத் தெருவுக்கு வந்துவிட முடிகிறதென்றால் அது பள்ளியை நடத்தும் நிர்வாகத்தின் கவனக்குறைவு என்று சொல்லி, அந்தப் பள்ளியை நடத்திய உள்ளாட்சிக் குழுவைப் பொறுப்பாக்கினார்கள்.

இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பதோடு சட்டம் நிற்பதில்லை, ஏன் இல்லை என்றும் கேட்கிறது. ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்ததால் இல்லை என்றால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அப்புறம், ஆசிரியரின் பொறுப்பும் நிர்வாகத்தின் பொறுப்பும் தனித்தனி. ஒருவர் தப்பினால் மற்றவரும் தப்புவார் என்று இல்லை. பாதிக்கப்படுகிறவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கே உயிர் போனது அந்த வழியாக வந்த ஓர் ஓட்டுநருக்கு.

தெரிந்துவிட்டால்

இப்போது அந்த மாணவியின் ரகசியத்துக்கு வருவோம். 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய சக மருத்துவர்களும், வீட்டில் அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருத்துவர்கள் அதுவரை 'கீழே விழுந்துவிட்டான்' என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்த காயங்களில் பல வேறு வகை என்று அது காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் எல்லாம், குழந்தை மீதான கொடுமை தெரிந்தால் புகார் செய்வதைக் கட்டாயமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. முதலில் மருத்துவர்களுக்கு என்று இருந்தது பிறகு ஆசிரியர்களுக்கும் விரிந்தது. காரணம் எளிது. பெற்றோருக்கு அடுத்தபடியாகப் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர்தான்.

இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012ஆம் ஆண்டு வந்த போக்சோ சட்டம் இன்னும் அகலமானது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் தண்டனை ஓர் ஆண்டு வரை போகும். 'ஹெச்.எம். கிட்டச் சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சுது' என்று இங்கே கையைக் கழுவ முடியாது, ஏனென்றால் கடமை தனித்தனியாக ஒவ்வொருவர் மேலும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவல் பிறகு நிரூபணமாகாமல் போனாலும், கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் உண்டு. ஆதாரம் தேடுவது ஆசிரியரின் வேலையே இல்லை.

சரி, அந்த மாணவிக்கு என்னதான் பதில் சொல்வது? "நீ சொல்றதக் கேட்கிறேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, உதவி செய்ய முடிகிற ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்டச் சொல்றேன்னு உனக்குத் தெரியாமச் செய்ய மாட்டேன்." இப்படிச் சொன்னால் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். அந்த ஆபத்து உண்மைதான். இருந்தாலும் பொய் வாக்குக் கொடுத்துப் பேச வைப்பதைவிட அது மேல். பெரியவர்கள் ஏமாற்றுவார்கள் என்பதை ஏற்கெனவே ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, இரண்டாவதாக ஓர் ஆசிரியரும் அதையே காட்ட வேண்டியதில்லை.

அவள் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்டு ஆராய வேண்டாம். "மாமாதானே செஞ்சாரு?" என்று பதிலை வாயில் ஊட்டுகிற கேள்வி, பிற்பாடு விசாரணையையே கெடுத்துவிடும். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். 'ஏதோ அசிங்கமாக நடந்துகொண்டாராம்' என்று நாகரிகம் கருதி மாற்றி எழுதுவது உதவாது. சந்தேகத்துக்குரிய ஆளை நேரில் கூப்பிட்டு நியாயம் கேட்பது எல்லாவற்றையும்விட மோசம். அதன் விளைவு அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். இதையெல்லாம் முடித்த பிறகு ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறக்காமல் இருப்பதும் இந்தக் கடமையில் சேர்ந்ததே.

கண்டிப்பு

அடிப்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. போலந்து 1783லேயே பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஸ்வீடன் 1979இல் வீட்டில்கூட அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்கு என்பது குழந்தையின் மானத்துக்கு இழுக்கு வராத வகையில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது.

அந்த 'மனத் துன்புறுத்தல்' என்ற சொல்தான் பல ஆசிரியர்களுக்கு உறைப்பதில்லை. பிரம்பைத் தொடாதவர்கள்கூட வகுப்பு முன்னால் நிற்க வைத்து அப்பாவின் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வார்கள், 'நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்றே' என்பார்கள். பிரம்படி தழும்பு ஆறிப்போகும், இது பல பேருக்கு முப்பது வருஷம் கழித்தும் ஆறாமல் இருக்கிறது.

சட்டம் அனுமதித்துவிட்டால் அது சரியாகிவிடுமா என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 1977இல் இங்கிராம் எதிர் ரைட் என்ற வழக்கில், மாணவரை மரத் துடுப்பால் அடிப்பது அரசியல் சாசனம் தடுக்கும் 'கொடூரமான தண்டனை' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே இன்றும் சில மாநிலங்களில் பள்ளியில் அடிப்பதற்குத் தடை இல்லை. ஆனாலும் அதே மாநிலங்களில் ஒருநாளும் கை ஓங்காத ஆசிரியர்கள் ஏராளம். அவர்களைத் தடுப்பது சட்டம் இல்லை.

மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்வது

சட்டத்துக்கும் அறத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகக் காட்டுவது இன்னொரு அமெரிக்க வழக்கு. விடைத்தாள்களை மாணவர்களே மாற்றிக்கொண்டு திருத்தி, ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லும் வழக்கம் ஒக்லஹோமா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் இருந்தது. நமக்கும் பழக்கப்பட்ட காட்சிதான். தன் பிள்ளைகளை அது அவமானப்படுத்துகிறது என்று ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். மாணவரின் கல்விப் பதிவுகளைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதைக் கட்டுப்படுத்த 1974இலேயே அங்கே சட்டம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2002இல் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆசிரியர் தன் குறிப்பேட்டில் ஏற்றும் வரை அந்த மதிப்பெண் பள்ளி 'பராமரிக்கும் பதிவு' ஆகாது, ஆகவே சட்டம் மீறப்படவில்லை என்பது அவர்கள் வாதம்.

சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கட்டும். நூற்றுக்கு ஒன்பது வாங்கிய பிள்ளை அதைக் கூட்டத்தில் கேட்க வேண்டுமா என்பது நீதிமன்றத்திடம் வைக்கப்பட்ட கேள்வி இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பில் நிற்கிறவர். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் போடுவதும், கட்டணம் கட்டாதவர்கள் பெயரை அங்கே எழுதுவதும், மாணவரின் உடல்நிலைக் குறிப்பைத் தேவையில்லாதவரோடு பகிர்வதும் இதே வகை. சில நாடுகளில் தனியுரிமைச் சட்டம் தடுக்கும், சில இடங்களில் தடுக்காது.

சமம் இல்லாத உறவு

ஆசிரியர் கையில் மதிப்பெண் இருக்கிறது, நடத்தைச் சான்று இருக்கிறது, எல்லார் முன்னாலும் பாராட்டவோ திட்டவோ முடிகிற குரல் இருக்கிறது. மாணவரிடம் இதில் எதுவும் இல்லை. எல்லைகளைப் பற்றிய விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். பிரிட்டனில் உடலுறவுக்குச் சம்மத வயது 16. ஆனால் தன் பள்ளியில் படிக்கும் 18 வயதுக்குக் கீழான மாணவரோடு ஆசிரியர் அப்படிப் பழகினால், சம்மதம் இருந்தாலும் அது குற்றம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. இந்தியாவில் 18க்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. செய்தவர் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால் குற்றம் இன்னும் கடுமையான வகைக்குப் போகும்.

சின்ன விஷயங்களிலும் அதே தர்க்கம்தான். இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. வகுப்பில் பாதியை மட்டும் நடத்திவிட்டு மீதியைச் சாயங்காலம் காசுக்கு நடத்தும் ஆசை யாருக்கும் வரக்கூடியது என்பதுதான் அதன் பின்னால் உள்ள கவலை. இரவு பதினோரு மணிக்கு ஒரு மாணவருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புவது எந்தச் சட்டத்திலும் பெயர் சொல்லித் தடுக்கப்படாமல் இருக்கலாம். ஆனாலும் பள்ளியின் பொதுவான வழியில், வேறொருவர் பார்க்கும்படி அனுப்ப முடியாத செய்தி என்றால் அதை அனுப்பாமல் இருப்பது நல்லது. விலை உயர்ந்த பரிசு, மாணவர் வீட்டில் கடன் வாங்குவது, தன் கட்சிக்கோ மதத்துக்கோ ஆள் சேர்ப்பது, பிடித்த பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் தூக்கிப் போடுவது எல்லாம் இதே வரிசையில் வரும்.

பையைச் சோதிப்பதைப் பற்றி இரண்டு வரி. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவரின் பையைத் திறந்து பார்க்கக் காவல்துறைக்கு வேண்டிய அளவுக்கு வலுவான காரணம் பள்ளிக்குத் தேவையில்லை, ஆனால் நியாயமான சந்தேகமாவது இருக்க வேண்டும் என்றது. 'எதுக்கும் ஒருதடவை பார்ப்போம்' என்பது அந்தக் கணக்கில் சேராது.

மீறினால், மீற வைத்தால்

ஒரே செயலுக்கு மூன்று இடங்களில் பதில் சொல்ல வேண்டி வரலாம். குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கும். உரிமையியல் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும், அதைப் பெரும்பாலும் நிர்வாகம்தான் கொடுக்கும். வேலை கொடுத்தவரோ, உரிமம் கொடுத்த மன்றமோ பணியிலிருந்து நீக்கலாம். குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனவர் துறை விசாரணையில் வேலை இழப்பதும் நடக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் தேவைப்படும் நிரூபண அளவு வேறு.

அற நெறிகளைத் தொழிலில் இருப்பவர்களே வகுக்க வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ஸ்காட்லாந்து 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆசிரியர்களைப் பதிவு செய்யும் மன்றத்தை உருவாக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றன. நெறிமுறைகளை ஆசிரியர் அமைப்புகளே வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உலக ஆசிரியர் தினம் அந்தத் தேதியில் வருவது இதனால்தான்.

அதே பரிந்துரை ஆசிரியருக்கு வேண்டிய வேலைச் சூழலைப் பற்றியும் நிறையப் பேசுகிறது. பலர் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். எண்பது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு ஒவ்வொருவரையும் கவனி என்று கேட்பது நியாயம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்வதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆகவே வாசல் கதவு பூட்டாமல் கிடக்கிறது, ஆய்வகத்தில் தீயணைப்பான் காலியாக இருக்கிறது, சுற்றுலாவுக்குப் போதுமான ஆசிரியர்கள் இல்லை என்று தெரிந்தால், வாயால் சொல்வதோடு விடாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்கி வைப்பது நல்லது. தலைமை ஆசிரியருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனால் எழுத்தில் வந்த பிறகு அது தெரியாது என்று நிர்வாகம் சொல்ல முடியாது, கதவுக்குப் பூட்டும் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே வந்துவிடும்.